இருவருக்கு ஒரு மெடிக்கல்

ஐஸ் கட்டியைச் சரிவில் தள்ளிவிட்டுத்தான் சோமசேகரம் போனை எடுத்தார். ஈரக் கையில் அது இரண்டு தடவை வழுக்கியது. கீழே படகின் வயிற்றுக்குள் ஐஸ் விழுந்து நொறுங்கியது.

"நாங்க பெயில் மச்சான்" என்றது போன்.

"என்ன?"

"பெயில். மெடிக்கல்ல அன்ஃபிட் எண்டு அடிச்சித் தந்திருக்கான்."

"என்னத்தில?"

"அத ஏஜன்சிக்காரன் சொல்றானில்ல. கடுதாசில ஒரு சொல்லுத்தான் கிடக்கு, மத்ததெல்லாம் இங்கிலீசு. கொழும்பில இருந்து வாறன், ஹபரணை தாண்டிட்டன். ஒரு மணிபோல டவுனுக்கு வந்திருவன். நீ வந்து நில்லு."

அடுத்த கட்டி சரிவின் வாய்க்கு வந்து நின்றது. அவர் அதைத் தள்ளவில்லை.

"அண்ணே, நித்திரையோ? ஐஸ் தண்ணியாகிறதுக்கு முதல் தள்ளுங்கோ!" என்று படகிலிருந்து ஒருவன் கத்தினான். தள்ளினார்.

சோமசேகரம் திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கலியாணம் செய்யவில்லை. உவர்மலையில் அக்கா கமலேஸ்வரி வீட்டின் பின்னறையில் இருக்கிறார். போனில் பேசியவர் மூதூர் ஸெய்னுதீன். இவரைவிட மூன்று வயது இளையவர். கட்டாரில் கட்டடங்களுக்குக் குளிரூட்டி பூட்டும் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம், இரண்டு மூன்று மாதம் வீடு, மறுபடி ஒப்பந்தம் என்று இருபத்தைந்து வருடம் போய்விட்டது. மனைவி நஜ்முன் நிஸா, மூன்று பிள்ளைகள். ஒருவன் ஐஸில், ஒருவன் ஏசியில், ஆனால் வேர்த்து வடிவது நாங்கள் இரண்டு பேரும்தான் என்பது ஸெய்னுதீனின் பழைய பகிடி.

போனில் வந்த செய்தியில் சோமசேகரத்தைக் கட்டியைத் தள்ளவிடாமல் நிறுத்தியது 'பெயில்' அல்ல. 'நாங்க' என்பதுதான்.

அந்த 'நாங்க' தொடங்கியது மூதூருக்கு லோஞ்சு என்னும் இஞ்சின் படகு ஓடிய காலத்தில். பாலங்கள் இல்லை. தரைவழியில் சண்டை. கொட்டியாரக் குடாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் போனால் மூதூர். சோமசேகரம் லோஞ்சில் கயிறு எறிவார், டிக்கட் கிழிப்பார். ஏறுமுன் கடற்படை பையைக் கொட்டிப் பார்க்கும், அடையாள அட்டையை வெயிலில் பிடித்துப் பார்க்கும். இறங்கிய பிறகு மறுபடி பார்க்கும். இடையில் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் ஒருவரும் எவரையும் பார்க்காத நேரம்.

முன் வாங்கில் பெண்கள். நடுவில் பள்ளிக்கூட மாஸ்டர்மார், கந்தோர்க்காரர், தயிர்ச் சட்டிகள், கால் கட்டிய கோழிகள். பின்னால் இஞ்சின். அதன் பக்கத்து வாங்கில் புகையும் சூடும். ஒருவரும் அங்கே உட்காரமாட்டார்கள். உட்கார்ந்தவர்கள் நாலைந்து பேர் மட்டும். எப்படி ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீனுக்கு யார் வழி சொன்னார்கள். தங்களை 'எங்கட ஆக்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். வேறு பெயர் அப்போது இல்லை, தேவைப்படவும் இல்லை. இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனின் காதுக்குள் சொன்னால்தான் கேட்கும். அதனால் காதுக்குள் சொல்லலாம். ஆயிரம் பேர் பார்த்தாலும் குற்றமில்லை.

மூதூர்த் தையற்காரர் ஹஸ்மி நடுக்கடலில் எழுந்து நின்று வானொலிச் செய்தி வாசிப்பார். "கொட்டியாரக் குடாவில் பலத்த காற்று. பின்வாங்கில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாறு வேண்டப்படுகிறார்கள்." மாஸ்டர்மாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு மாசி மாதத்தில் ஸெய்னுதீன் அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை. டிக்கட் கிழிக்கப் போன சோமசேகரம், "இஞ்ச புகை அடிக்கும் தம்பி, நடுவில இடம் கிடக்கு" என்றார்.

"புகை எனக்குப் புடிக்கும்" என்றார் ஸெய்னுதீன். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க எங்க இருக்கிற?"

"நான் நிக்கிறது. இருக்கிறேல்ல."

"அப்ப பக்கத்தில நில்லுங்க."

அன்று லோஞ்சு மூதூரைத் தொடும்போது வெள்ளைச் சட்டை கறுப்பாகியிருந்தது. அந்த வருடம் முழுக்க வாரத்தில் இரண்டு நாள் அவருக்குத் திருகோணமலையில் ஏதோ ஒரு அலுவல் இருந்தது. அலுவல் இல்லாத அலுவல். இறங்கினால் சந்தைப் பக்கம் போய் ஒரு தேத்தண்ணி, திரும்ப அதே லோஞ்சு. சில நாளில் காற்று கூடி லோஞ்சு ஓடாது. ஸெய்னுதீன் டவுனில் தங்கவேண்டி வரும். அப்படிக் காற்றுக்காக நேர்ந்துகொண்டவர்கள் இந்தத் துறைமுகத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றொன்பதில் கட்டாருக்கு ஆள் எடுத்தார்கள். கொழும்புக்குப் போய் மெடிக்கல் எடுத்துவிட்டு வந்த ஸெய்னுதீன் லோஞ்சுத் துறையில் கடுதாசியை நீட்டினார்.

"எல்லாம் பாத்திட்டான் மச்சான். சீனி, சலம், நெஞ்சு, எய்ட்ஸ், எல்லாம். நாங்க பாஸ்."

"நீதானே போனனீ. 'நாங்க' எண்டுறாய்?"

"உன்னில இருந்தா என்னில வந்திருக்கும். என்னில இல்லையெண்டா உன்னிலயும் இல்ல. ரெண்டு பேருக்கு ஒரு மெடிக்கல் காணும். உனக்கு லாபம்."

கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. சோமசேகரம் கடுதாசியை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். இங்கிலீசு விளங்கவில்லை. சிவப்பு முத்திரை விளங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு மெடிக்கல். ஒவ்வொரு மெடிக்கலுக்கும் ஒரு கடுதாசி. ஸெய்னுதீன் அங்கே இருக்கும் இரண்டு வருடத்தில் இங்கே சோமசேகரத்துக்கு வேறு ஆள் வந்ததுண்டு, போனதுண்டு. அதை அவர் கேட்பதில்லை, இவர் சொல்வதில்லை. திரும்பி வந்தால் சேர்ந்திருப்பார்கள். போகுமுன் மெடிக்கல். பாஸ். முன்பு நடந்ததெல்லாம் அந்தச் சிவப்பு முத்திரையில் கழுவிப்போகும். எங்கட ஆக்களில் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிற ஒருவன் கூட்டாளியாக இருந்தால் எல்லாரும் இப்படித்தான் நினைத்தார்கள். அவன் பாஸ் என்றால் இவனும் பாஸ்.

ஹஸ்மி மெலிந்து, படுக்கையில் விழுந்து, இரண்டு மாதத்தில் போனபோது ஈரல் என்று சொன்னார்கள். கடைசியாகப் பார்க்கப் போன சோமசேகரத்திடம் ஹஸ்மி, "செய்தி வாசிக்க ஏலாமப் போச்சு மச்சான்" என்றார். ஈரல் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லும் சொல் இருவர் வாயிலும் வரவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு ஒன்றிலிருந்து ஆள் தேடி வந்தபோது சோமசேகரம் தொண்டராகச் சேர்ந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் ஆணுறைகள். வேலை முடிந்த பின்னேரங்களில் பஸ் நிலையம், கடற்கரை, மீன்வாடிகள். பயிற்சியில் சொன்னார்கள்: நாட்டில் இந்த நோய் மிகக் குறைவு, ஆனால் ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களிடையே கூடிக்கொண்டு போகிறது, புதிதாக நோயோடு வாற ஆக்களும் வயது குறைந்த ஆக்கள். பயம் காட்டாதீர்கள், சோதனைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் கூட்டிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரிப் பக்கத்துச் சிகிச்சை நிலையத்துக்கு அவர் கொண்டுபோன ஆட்கள் நூறுக்கு மேல் இருக்கும். பெயர் கேட்கமாட்டார்கள், இலக்கம் தருவார்கள், இரத்தம் எடுக்கிற மிஸ் நல்லவ, ஊசி நுளம்பு கடிக்கிற மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு நித்திரையிலும் வரும்.

ஆண்டுதோறும் ஒரு வினாத்தாள் நிரப்ப வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர். கடைசித் தரம் ஆணுறை பாவித்தீர்களா. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எச்.ஐ.வி. சோதனை செய்தீர்களா. மற்றவர்களுடையதை நிரப்பிக் கொடுத்த பிறகு தன்னுடையதையும் நிரப்புவார். கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று அடையாளம் போட்டார். பொய் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஸெய்னுதீன் சோதித்திருந்தாரே.

அன்று ஸெய்னுதீன் ஒன்றேகாலுக்கு பஸ்ஸால் இறங்கினார். மெலிந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று மாதத்தில் நாலைந்து தடவை கண்டும் சோமசேகரத்துக்கு அது கண்ணில் படவில்லை. இன்று பட்டது. இருவரும் உட்துறைமுக வீதியில் நடந்து கடற்சுவரில் போய் உட்கார்ந்தார்கள்.

"நிஸாவுக்கு என்னண்டு சொல்ல?" என்றார் ஸெய்னுதீன்.

"முதல்ல என்னண்டு தெரியட்டும்."

"தெரிஞ்சா? மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கொண்டிருக்கம்."

"சீனியாயும் இருக்கலாம். பிறசராயும் இருக்கலாம்."

"ராவில வேர்க்குது மச்சான். இருமல் வேற. நீ மத்தவங்களுக்குச் சொல்ற கதையெல்லாம் எனக்கு மனப்பாடம்." கடுதாசியை மடித்து விரித்து மடித்தார். "அது சரி. ஊரெல்லாத்தையும் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போறியே. நீ கடைசியா எப்ப சோதிச்ச?"

"ரெண்டு வருசத்துக்கு முதல் நீ சோதிச்சாய்தானே."

"அது என்ட."

"ஓம்."

"உன்ட எப்ப எண்டு கேக்கன்."

சோமசேகரம் கடலைப் பார்த்தார். "சோதிக்கேல்ல."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

ஸெய்னுதீன் கடுதாசியை மடியில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரிப்பானது. "யா அல்லாஹ்! ஊருக்கு உபதேசம் எண்டுறது உன்னத்தான்டா."

சோமசேகரத்தால் சிரிக்க முடியவில்லை. அவர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்தது எப்போது? கொரோனாவுக்கு முந்தி. அதற்கும் முந்தி. சண்டை ஒன்றும் இல்லை. வயது போயிற்று, இடுப்பு பிடித்தது, பேச்சே போதும் என்றாகிவிட்டது. ஸெய்னுதீன் லீவில் வந்தால் தேத்தண்ணி குடிப்பார்கள், பழைய கதை கதைப்பார்கள், தோளில் தோள் பட உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை வருடமாக ஒருவரின் இரத்தம் மற்றவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கடுதாசி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"எழும்பு" என்றார். "கிளினிக் நாலு மணிவரைக்கும் திறந்திருக்கும்."

கிளினிக்கில் தாதி தயாளினி மிஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வாங்கோ சோமு அண்ணை. இண்டைக்கு ஆரைப் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"ரெண்டு பேர் மிஸ்."

"மற்றவர் வெளியில நிக்கிறாரோ?"

"இல்ல. நான்தான்."

பேனா ஒரு கணம் நின்றது. மிஸ் புது அட்டை ஒன்றை எடுத்து இலக்கம் எழுதினார். ஸெய்னுதீனை முடித்து அனுப்பிவிட்டு இவரைக் கதிரையில் இருத்தினார். அவருக்கு மனப்பாடமான அதே கேள்விகள். மறுபக்கம் இருந்து கேட்கும்போது நீளமாக இருந்தன.

"கடைசியா பாதுகாப்பு இல்லாம எப்ப?"

"மூண்டு வருசத்துக்கு முதல். புல்மோட்டைப் பக்கத்து லொறிக்காரர் ஒராள். மூண்டு நாலு தரம் வந்தவர்."

"உங்கட பையில..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "சரி."

லொறிக்காரர் வந்த அன்று பையில் நாற்பது ஆணுறை கிடந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் தொண்டர் வேலை செய்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அந்த மனிதர் முதல் நாளே அவருடைய கையை எடுத்து மணந்து பார்த்து, "மீன் மணக்கும் எண்டு நினைச்சனான், ஐஸ் மணக்குது" என்று சொல்லியிருந்தார். ஐஸுக்கு மணம் இருக்கிறது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இதையெல்லாம் எழுத வினாத்தாளில் இடமில்லை.

இருபது நிமிடம் வெளியே வாங்கில் இருக்கச் சொன்னார்கள். தோளில் தோள் பட இருந்தார்கள். சுவரில் மணிக்கூடு.

"இஞ்சின் சத்தம் இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் ஸெய்னுதீன் மெதுவாக.

"ஓம்."

"அந்த லோஞ்ச என்ன செஞ்சாங்க?"

"உடைச்சு வித்திட்டாங்கள். பலகை நல்ல பலகை."

"வாங்கு?"

"எல்லாம் சேத்துத்தான்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா. நான் வாங்கியிருப்பன்." பொறுத்து, "நிஸா அதில வெங்காயம் காயப் போட்டிருப்பா."

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ஸெய்னுதீனின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தபோது கடுதாசியைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தார். "நாங்க பாஸ் மச்சான்! அது இல்ல. மிஸ் கொழும்புக் கடுதாசிய வாசிச்சுப் பாத்தா. நெஞ்சுப் படத்தில நிழல் விழுந்திருக்காம். கசமா, அதான் டீபீயா இருக்கலாமாம், மருந்து எடுத்தா மாறுமாம். நாளைக்கு நெஞ்சுக் கிளினிக்குப் போகட்டாம். இதுக்குப்போய் செத்த மாதிரி வந்தன். எழும்பு, போவம். சோறு தின்னல்ல காலையில இருந்து."

சோமசேகரம் எழுந்தார். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. ஸெய்னுதீன் தோளில் கையைப் போட்டிருந்தார். இருபத்தைந்து வருடம் அந்தக் கை அப்படிப் போட்டதும் விசயம் முடிந்தது. இன்றும் முடிந்த மாதிரித்தான் இருந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரம், வெயில், ஓட்டோ, சோற்றுக்கடை.

உள்ளே மிஸ் ஓர் இலக்கத்தைச் சொன்னார். ஒருவரும் போகவில்லை. மறுபடி சொன்னார்.

"அது என்ர" என்றார் சோமசேகரம். தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு உள்ளே போனார்.

தயாளினி மிஸ் கதவைச் சாத்தினார். "அண்ணை, முதல் சோதனையில இருக்கெண்டு காட்டுது. கொழும்புக்கு இரத்தம் அனுப்பி உறுதிசெய்யவேணும்." அட்டையை மேசையில் வைத்தார். "இனி என்ன எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"சொல்லுங்கோ மிஸ். எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல."

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு நாளும் மருந்து. ஒரே நேரம். விடக்கூடாது. ஒழுங்காக எடுத்தால் கிருமி இரத்தத்தில் தெரியாத அளவுக்குக் குறையும், அப்படியே இருந்தால் மற்றவருக்குப் போகாது. சேர்ந்து சாப்பிடலாம். வேலைக்குப் போகலாம். வயது போய்ச் சாகலாம். இந்தச் சொற்களையெல்லாம் அவர் கடற்கரையிலும் வாடியிலும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அவை இவ்வளவு மெதுவாகச் சொல்லப்பட வேண்டியவை என்று தெரியாமல் போயிற்று.

வெளியே ஸெய்னுதீன் வேப்பமரத்தடியில் நின்றார். "என்ன இவ்வளவு நேரம்? மிஸ்ஸோட என்ன கதை? பாஸ்தானே?"

"நீ பாஸ்" என்றார் சோமசேகரம்.

ஸெய்னுதீன் சிரித்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார். கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆர்?"

"ஒரு லொறிக்காரர்."

"பேர்?"

"சொன்னது உண்மைப் பேரோ தெரியாது."

"பேர் கூடத் தெரியாம..." குரல் உயர்ந்தது. ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். குரல் இறங்கியது. "நான் இல்லாத நேரம் நீ சாமியாரா இருந்திருப்பாயெண்டு நான் நினைக்கல்ல. எண்டாலும் இந்த விசயத்தில உனக்குத் தெரியாதது என்ன இருக்கு? நீதானே ஊருக்கே மாஸ்டர்."

சோமசேகரம் மர நிழலுக்குள் தள்ளி நின்றார்.

"அப்ப இத்தனை வருசமா நான் கொண்டுவந்து காட்டின கடுதாசியெல்லாம்?"

"அது உன்ர உடம்ப மட்டும் பாத்து எழுதினது."

ஸெய்னுதீன் சட்டைப் பையிலிருந்த கடுதாசியைத் தொட்டுப் பார்த்தார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. மூதூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கடைசியில், "நடடா, சோறு தின்னுவம்" என்றார்.

கடையில் ஒரு பீங்கான் சோறும் மீன் குழம்பும் வந்தது. இரண்டாவது பீங்கான் வர முதல் ஸெய்னுதீன் முதலாவதை இருவருக்கும் நடுவே தள்ளினார். சோமசேகரம் கையைக் கழுவாமல் இருந்தார்.

"தின்னு" என்றார் ஸெய்னுதீன். "சேந்து தின்னா இது ஒட்டாதெண்டு நீதானே ஊருக்குச் சொல்ற."

"உனக்குத்தான் கசம். அதுதான் ஒட்டும்."

"அதுவும் சரிதான்." பீங்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வாயைப் பொத்தி இருமினார்.

மறுநாள் வியாழக்கிழமை. சோமசேகரம் ஆறு மணிக்கு வேலைக்குப் போனார். ஐந்து படகுகளுக்கு ஐஸ் ஏற்றினார். பத்து மணிக்கு ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் மேலும் இரத்தம் கொடுத்தார். கொழும்பிலிருந்து முடிவு வந்த பிறகு வைத்தியர் மருந்து தொடங்குவார் என்றார்கள். ஸெய்னுதீன் நிஸாவோடு நெஞ்சுக் கிளினிக்குக்குப் போய்ச் சளி கொடுத்துவிட்டு வந்ததாகப் போனில் சொன்னார். இருமல் மாறும்வரை பஸ்ஸில் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். கமலேஸ்வரிக்கு இன்னும் சொல்லவில்லை. பின்னேரம் வருடாந்த வினாத்தாள் வந்தது. சோதனை பற்றிய கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று அடையாளம் போட்டு, நேற்றைய திகதியை எழுதினார். ஐந்து மணிக்கு பஸ் நிலையத்தில், சோதனை பற்றி ஏற்கெனவே பேசிவைத்திருந்த இருவரில் ஒருவர் வந்தார். அவருக்குக் கிளினிக் நேரத்தைச் சொல்லி, திங்கட்கிழமை வரச் சொன்னார். மற்றவர் வரவில்லை.